சீர்காழியிலிருந்து கோட்டூர்புரம் வரை: பள்ளி நூலகப் பயிற்சியைத் தேடி ஒரு பயணம்

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 12 – சீர்காழி

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் இருப்பதில்லை. பாடம் நடத்தும் ஆசிரியர்களில் ஒருவரிடமே நூலகப் பொறுப்பும் ஒப்படைக்கப்படுகிறது. வகுப்பு, பதிவேடு, மதிய உணவு மேற்பார்வை, செயலியில் வருகைப் பதிவு ஆகியவற்றுக்கு நடுவே அவர் புத்தகங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு எப்படிப்பட்ட பயிற்சி தேவை, அதை யார், எங்கே வைத்து, எவ்வளவு காலம் தர வேண்டும் என்ற கேள்வியோடு இந்தப் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் ஒன்றியத்தின் நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியைத் திட்டமிடும் குழுவில் நானும் ஒரு கருத்தாளர், அதாவது ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துபவர். திட்டத்தை எழுத உட்காருவதற்கு முன் சில இடங்களை நேரில் பார்த்துவிட விரும்பினேன். அன்றன்று பார்த்ததையும் யோசித்ததையும் அன்றிரவே பதிவிடுகிறேன்.

சீர்காழியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்த ஊர் இது. அவருடைய பிறந்த நாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினமாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. ஞானசம்பந்தர் அவதரித்த தலம் என்பதால் வெளியூரிலிருந்து வருபவர்கள் நேரே சட்டைநாதர் கோயிலுக்குத்தான் போகிறார்கள். நானும் கோயிலுக்குப் போய்விட்டு, ரங்கநாதன் சிறுவனாக நடந்திருக்கக்கூடிய தெருக்களில் காலை வெயில் ஏறும்வரை சுற்றினேன்.

அவருடைய வாழ்க்கையில் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. அவர் நூலகராகப் படித்து நூலகரானவர் அல்லர்; கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவரை 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக நியமித்தது. மாணவர்கள் நிறைந்த வகுப்பறையில் பழகியவருக்கு ஆள் வராத நூலகத்தின் தனிமை தாங்க முடியாததாக இருந்தது. சில வாரங்களிலேயே தம்மைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டார். லண்டனுக்குப் போய் அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று படித்துவிட்டு வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித வகுப்புக்கே திரும்பலாம் என்ற ஏற்பாட்டின்பேரில்தான் அவர் கப்பல் ஏறினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸிடம் பாடம் கேட்டார். சேயர்ஸ் பொறுப்பில் இருந்த கிராய்டன் பொது நூலகத்தில் அன்றாட வேலைகளைக் கற்றுக்கொண்டார். இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சென்று பார்த்தார். 1925இல் ஊர் திரும்பியபோது கணித வகுப்பைப் பற்றி அவர் மீண்டும் கேட்கவில்லை.

நம்முடைய பொறுப்பாசிரியரின் நிலையும் 1924இல் ரங்கநாதன் இருந்த நிலைதான். அவர் கேட்காத ஒரு பொறுப்பு அவர்மீது வந்து விழுந்திருக்கிறது. அந்தப் பொறுப்பில் என்ன சுவை இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை. ஒரு கணித ஆசிரியரை நூலகராக மாற்றியதில் விரிவுரைகளுக்கும் பங்கு உண்டு; ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் நூலகங்களை, வாசகர்கள் உள்ளே வந்து புத்தகத்தோடு வெளியே போவதை, நாள்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்ததற்கே பெரிய பங்கு இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உயிருள்ள நூலகம் ஒன்றையும் பார்த்திராத ஆசிரியரிடம் பள்ளி நூலகத்தை உயிரோடு நடத்தச் சொல்வது நியாயமாகாது. இந்தப் பயணம் முழுவதும் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 13 – சிதம்பரம், அண்ணாமலைநகர்

சீர்காழியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம். பேருந்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரயில் நிலையத்தின் கிழக்கே அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகம் விரிந்து கிடக்கிறது. பல்கலைக்கழகம் உருவானது 1929இல். அதற்கு முன்பு இங்கே இருந்தது ஸ்ரீ மீனாட்சி கல்லூரி. அந்தக் கல்லூரியில் 1928 டிசம்பரில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில்தான் ரங்கநாதன் தம்முடைய நூலகவியல் விதிகள் ஐந்தையும் முதன்முதலாகப் பொது அவையில் விளக்கினார். 1931இல் நூலாக வெளிவந்து, இன்று உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கும் அந்த விதிகளை முதலில் கேட்டவர்கள் இந்த மாகாணத்துப் பள்ளி ஆசிரியர்கள் என்பதை நாம் ஏன் பயிற்சிகளில் சொல்வதே இல்லை என்று தெரியவில்லை. நூலக அறிவியல் என்பது கல்லூரிப் பட்டம் பெற்றவர்களின் துறை, நமக்கு எட்டாதது என்று தயங்கும் ஆசிரியர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் ஓர் உயிரி. இந்த ஐந்தும் நூலகவியல் வகுப்புகளில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுகின்றன. வளாகத்து மரநிழலில் அமர்ந்து, ஒரு தொடக்கப் பள்ளியின் கண்ணோட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதியை விளக்கும்போது, இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததிலிருந்து ரங்கநாதன் தொடங்குகிறார். நம் பள்ளிகளில் சங்கிலி கிடையாது. தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோ இருக்கிறது, அதன் சாவி ஒரு கொத்தில் இருக்கிறது. ஆசிரியர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புத்தகம் தொலைந்தால் தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் பீரோவில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. ஒத்துப்போவதற்கு எளிய வழி புத்தகத்தை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. படித்துப் படித்துக் கிழிந்த புத்தகத்தை முறைப்படி நீக்கம் செய்வது எப்படி, தொலைந்த புத்தகத்தை எப்படிப் பதிவது, எந்த அளவு இழப்பை இயல்பானதாகக் கொள்ளலாம் என்பதையெல்லாம் ஓர் அதிகாரியே பயிற்சிக்கு நேரில் வந்து, ஆசிரியர்கள் முன்னால் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த அச்சம் நீங்காமல் வேறு எதைக் கற்பித்தாலும் பீரோ திறக்காது.

மூன்றாம் விதிதான் பள்ளிக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு புத்தகத்தைப் பார்த்ததும், இது ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் அந்தப் பையனுக்கு ஏற்றது என்று ஆசிரியருக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றுவதற்கு அந்தப் பையனையும் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் புத்தகத்தையும் படித்திருக்க வேண்டும். குழந்தையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு பொது நூலகரைவிட வகுப்பாசிரியருக்கே அதிகம். புத்தகம் விஷயத்தில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். சிறார் நூல்களை ஆசிரியர்கள் படிப்பதில்லை. படிப்பதற்கு நேரம் ஒதுக்கிய பயிற்சியும் இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. இந்த விதியை நடைமுறைப்படுத்த ரங்கநாதன் காட்டும் முதன்மையான வழி திறந்த அடுக்கு முறை. வாசகர் தாமே அலமாரிக்கு நடுவே நடந்து, எடுத்து, புரட்டி, வைத்துவிட்டு, வேறொன்றை எடுக்கும் உரிமை அது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஏழு வயதுக் குழந்தைக்கும் அதே உரிமை வேண்டும்.

1928இல் தொடங்கப்பட்ட சென்னை நூலகச் சங்கம் மறு ஆண்டே கோடைக்கால நூலகப் பயிற்சிப் பள்ளியை நடத்தியது. 1931இல் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. பின்னர் அது முழுமையான பட்டயப் படிப்பாக வளர்ந்தது. துறை வளர்ந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் கோடை விடுமுறையில் வந்து படித்துப் போகும் அளவிலான எளிய ஏற்பாடு ஆசிரியர்களுக்கு இன்றும் தேவைப்படுகிறது.

புதன்கிழமை, ஆகஸ்ட் 14 – மன்னார்குடி

மயிலாடுதுறை, திருவாரூர் வழியாக மன்னார்குடிக்கு வந்து சேர்ந்தேன். மன்னார்குடியை அடுத்த மேலவாசல் கிராமத்தில் 1931 அக்டோபர் 21 அன்று மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. புத்தகங்களை அடுக்கிய வண்டி ஊர் ஊராகப் போய் நிற்கும். மக்கள் வந்து எடுத்துப் போவார்கள். நடமாடும் நூலகம் என்ற எண்ணம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல என்பதை, இங்கிருந்து இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தின் மாலைநேர மையங்களுக்குப் புத்தகப் பைகளைத் தூக்கிச் சென்ற தன்னார்வலர்களிடம் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்தது.

முற்பகல், அருகிலுள்ள ஓர் ஒன்றியத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் பார்வையாளராக அமர அனுமதி கிடைத்தது. தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியதிலிருந்து தொடக்கநிலை ஆசிரியர்கள் அனைவருக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் பழகிவிட்டன. அதன் பிறகு, பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களும் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. அவை நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் அமைந்தவை. ஒரு குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றி முதல் அமர்வில் நிறையப் பேசினார்கள். அந்த நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு அது எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு வந்தபோது அறை அமைதியானது.

அந்த அமைதியை உடைத்தவர் பின்வரிசையில் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர். கருத்தாளர் அழைத்ததும், அவர் மேசையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். எங்களையும் எதிரே தரையில் உட்காரச் சொல்லி, சந்தைக்குப் போகும் ஆட்டுக்குட்டியின் கதையை உரக்க வாசித்துக் காட்டினார். முதலில் அட்டைப் படத்தைக் காட்டி, இந்தக் குட்டி எங்கே கிளம்பியிருக்கிறது என்று கேட்டார். பக்கத்தைத் திருப்பும் முன் நிறுத்தினார். ஓரிடத்தில் தாமே வியந்து, "இது இப்படிப் போகும்னு நான் நினைக்கலையே" என்றார். முடித்த பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. புத்தகத்தை எங்கள் நடுவே வைத்துவிட்டு எழுந்து போனார். நாற்பது வயதைக் கடந்தவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தை எட்டி எடுக்கக் கை நீட்டினோம்.

அவர் செய்ததில் எவ்வளவு தொழில்நுட்பம் இருக்கிறது என்பதைப் பிற்பகல் முழுவதும் அவரோடு பேசித் தெரிந்துகொண்டேன். அவர் ஒவ்வொரு கதையையும் வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டில் இரண்டு முறையாவது வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறார். எங்கே நிறுத்துவது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். வாசிக்கும்போது புத்தகத்தின் சொற்களை மாற்றுவதில்லை. இந்தக் கடைசிச் செய்தியில்தான் தமிழ்க் குழந்தையின் தனிச் சிக்கல் அடங்கியிருக்கிறது. வீட்டில் "ஆடு போயிட்டு வந்துச்சு" என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் "ஆடு போய்விட்டு வந்தது" என்று இருப்பதைப் பார்க்கிறது. எழுத்துக்கூட்டி அந்தச் சொல்லை ஒலித்துவிட்டாலும், தான் காதால் கேட்டே அறியாத ஒரு சொல்லை அடையாளம் கண்டுகொள்ள அதற்கு வழியில்லை. நாள்தோறும் உரக்க வாசிக்கும் ஆசிரியரிடம் படிக்கும் குழந்தைக்கு எழுத்துத் தமிழ் முதலில் காது வழியாக வந்துவிடுகிறது. பிறகு கண்ணால் அதைச் சந்திக்கும்போது பழகிய முகமாக இருக்கிறது. கதையைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதும் நல்லதே, ஆனால் அது வேறு வேலை. இரண்டும் வகுப்பில் நடக்க வேண்டும்.

எழுத்துமுறையைப் பற்றியும் அவர் நுட்பமாகக் கவனித்து வைத்திருந்தார். "பம்பரம்" என்ற சொல்லில் முதல் பகரமும் அடுத்த பகரமும் ஒரே எழுத்து, ஆனால் ஒலி வேறு. சொல்லைத் தெரிந்த குழந்தை அதைத் தானாகச் சரியாகச் சொல்லும்; தெரியாத குழந்தை தயங்கும். "கொ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, வாய் ககரத்தில் தொடங்குகிறது. "கார்" என்ற சொல்லில் துணைக்காலும் ரகரமும் ஒட்டி நிற்பதால் குழந்தையின் கண் தடுமாறுகிறது. 247 எழுத்துகளையும் ஒரு வரிசையில் ஒப்பிக்க வைப்பதால் இந்தத் தடுமாற்றங்கள் நீங்குவதில்லை. எந்தக் குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு குழந்தை வாசிப்பதை மூன்று நிமிடம் குறுக்கிடாமல் கேட்பது என்பது தனியாகப் பயில வேண்டிய ஒரு திறமை. திருத்தப் பழகிய நம் நாவை அடக்கிக்கொள்வதே அதில் பாதி.

புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்க உதவும் ஐந்து விரல் வழக்கம் பற்றியும் பேச்சு வந்தது. ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கிக்கொண்டே வந்து, ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம் என்று கொள்வது அந்த முறை. தமிழுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கருத்து. "போய்க்கொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரே சொல். சிறு குழந்தைக்கு அதைக் கடப்பதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. நுழை நிலைப் புத்தகத்தை எழுதுபவரும் தேர்ந்தெடுப்பவரும், ஒரு வரியில் எத்தனை சொற்கள் என்று பார்ப்பதோடு, ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் என்றும் பார்க்க வேண்டும். பொறுப்பாசிரியர்கள் குழுக்களாகப் பிரிந்து, தங்கள் பள்ளியில் உள்ள பழைய புத்தகங்களை இந்த அளவுகோலால் பிரித்து, வண்ணத் தாள் ஒட்டும் வேலையைப் பயிற்சியிலேயே செய்யலாம். கையில் புத்தகம் இல்லாமல் நடத்தும் நூலகப் பயிற்சி எதற்கு என்று அந்த ஆசிரியை கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை.

வியாழக்கிழமை, ஆகஸ்ட் 15 – தஞ்சாவூர்

சுதந்திர தின விடுமுறை. சரசுவதி மகால் நூலகத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. விடுதிக்கு அருகிலிருந்த பள்ளியில் கொடியேற்றம் முடிந்து, குழந்தைகள் மிட்டாயோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கிடைத்த ஓய்வில் ஒரு செய்தியை மட்டும் எழுதி வைக்கிறேன். 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம். ரங்கநாதன் வகுத்துத் தந்த அடிப்படையில், கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதைக் கொண்டுவந்தார். சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரிதான் இன்றும் மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் அடிப்படை வருவாய். ஊரில் உள்ள கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் அந்த வரியில் நடப்பவை. அவற்றின் மீது அந்த ஊர்க் குழந்தைகளுக்கு உரிமை உண்டு. அங்கே இருக்கும் நூலகருக்கு நூல்களை வகைப்படுத்தத் தெரியும், வழங்கல் முறை தெரியும், புத்தகங்களைப் பராமரிக்கத் தெரியும். பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்குக் குழந்தை எப்படி வாசிக்கக் கற்கிறது என்று தெரியும். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்த பயிற்சியை நான் பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து பணியாற்றும் இடங்களில் குழந்தைகளின் எழுத்தறிவும் வாசிப்பும் கற்றலும் உயர்கின்றன என்று, 1999இல் யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை கூறுகிறது. கால் நூற்றாண்டாக உலகம் அறிந்த இதை ஓர் ஒன்றிய அளவில் செய்து பார்ப்பதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 16 – மதுரை

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2 லட்சம் சதுர அடிக்கும் மேலான பரப்பில் உயர்ந்து நிற்கிறது. தென்மாவட்டக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கட்டடமும் குழந்தைகளுக்கென்று இவ்வளவு அழகான ஒரு பிரிவும் கிடைத்திருப்பது பெரிய பேறு. காலையிலிருந்தே பள்ளிகளிலிருந்து குழந்தைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

நான் ஒரு மூலையில் அமர்ந்து, குழந்தைகளையும் அவர்களோடு வந்த ஆசிரியர்களையும் மாறி மாறிக் கவனித்தேன். குழந்தைகள் வந்த வேகத்தில் புத்தகங்களை எடுத்தார்கள், படம் பார்த்தார்கள், தோழியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், கீழே வைத்தார்கள், அடுத்ததை எடுத்தார்கள். திறந்த அடுக்கு என்று ரங்கநாதன் சொன்னதன் பொருள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் வாசலருகே நின்று தலை எண்ணுவதிலும் சத்தம் போடாதே என்று சொல்வதிலுமே நேரத்தைக் கழித்தார்கள். அவர்களில் ஒருவரிடம் பேசினேன். "பசங்களைப் பத்திரமா கூட்டிட்டுப் போய்ச் சேர்க்கணும் சார், அதுதான் எனக்குச் சொல்லியிருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மை. இத்தனை குழந்தைகளோடு வெளியூர் வந்த ஒருவருக்கு வேறு எண்ணம் வர இடமில்லை.

குழந்தைகளை அழைத்துவருவதற்கு முன்பு ஆசிரியர்கள் மட்டும் ஒருமுறை தனியாக வர வேண்டும் என்று அப்போது எனக்கு உறுதியாயிற்று. குழந்தைகள் இல்லாத நிதானத்தில் அவர்கள் அலமாரிகளுக்கு நடுவே உட்கார வேண்டும். எந்தப் புத்தகம் அட்டை தெரிய வைக்கப்பட்டிருக்கிறது, எந்த உயரத்தில் எது இருக்கிறது, எந்தப் புத்தகத்தின் ஓரங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு குழந்தைகள் வரும் வேளையில் ஒரே ஒரு குழந்தையைத் தொலைவிலிருந்து அரைமணி நேரம் கவனித்து, அது எதை எடுத்தது, எதை வைத்தது, எந்தப் பக்கத்தில் நின்றது என்று எழுத வேண்டும். அப்படி நானே எழுதிப் பார்த்தேன். மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி அந்த அரைமணியில் பல புத்தகங்களைப் புரட்டிவிட்டு, பாம்புகளைப் பற்றிய தகவல் நூலில் நிலைத்து உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் பள்ளிகளுக்கு வாங்கும் பட்டியல்களில் பெரும்பகுதி நீதிக்கதைகளாக இருப்பது நினைவுக்கு வந்தது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்காக ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்க வழி உண்டு. அந்தச் சிறு தொகையை எந்தப் புத்தகங்களில் செலவிடுவது என்பதை, இப்படிக் கவனித்துப் பழகிய கண்ணே தீர்மானிக்க வேண்டும்.

இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறேன்.

சனிக்கிழமை, ஆகஸ்ட் 17 – சென்னை

எழும்பூரில் இறங்கிக் குளித்துவிட்டு, முதலில் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். 1896இல் திறக்கப்பட்ட இந்த நூலகம், நாட்டில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுச் சேமிக்கும் நூலகங்களில் ஒன்று. காத்து வைப்பது இங்கே முதன்மையான கடமை. பள்ளி நூலகத்தின் கடமை அதுவல்ல. அங்கே ஒரு புத்தகம் படித்துப் படித்துத் தேய்ந்தழிவது நல்ல செய்தி. இந்த வேறுபாட்டை ஆசிரியர்களுக்கு விளக்க, கன்னிமாராவையும் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் வாசிப்பு மூலையையும் அடுத்தடுத்துக் காட்டினாலே போதும்.

அங்கிருந்து கோட்டூர்புரம். 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில், நடுவே எழுப்பியிருக்கும் செயற்கை மரத்தைச் சுற்றிச் சனிக்கிழமைக் கூட்டம். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். தரைத்தளத்தில் பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கான பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. பள்ளிகளில் இத்தகைய குழந்தைகளுக்கான புத்தகங்களைப் பற்றி நம் பயிற்சிகளில் பேச்சே எழுவதில்லை என்பதை இங்கே நின்றபோது வருத்தத்தோடு எண்ணினேன். திட்டத்தில் அதற்கு ஓர் அமர்வு கட்டாயம் வேண்டும்.

வாசிப்புக் கூடத்தில் அமர்ந்து திட்டத்தின் முதல் வடிவத்தை எழுதினேன். ஒரே நாளில் காலை முதல் மாலை வரை நடத்தி முடிக்கும் பயிற்சி வேண்டாம் என்பதே அதன் அடிப்படை. ஒரு கல்வியாண்டு முழுவதும் நீளும் ஏற்பாடாக இருக்கட்டும். தொடக்கத்தில் பொறுப்பாசிரியர்களை மாவட்டத்தின் நல்ல நூலகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, சிறார் நூல்களைப் படிப்பதற்கென்றே நேரம் கொடுக்க வேண்டும். பிறகு, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் மாதம் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம்: உரக்க வாசித்தல், குழந்தை வாசிப்பதைக் கேட்டல், புத்தகத்தை அறிமுகம் செய்தல், பதிவேடுகளை எளிமையாக்குதல், புத்தகத் தேர்வு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தப் பகுதிக் கிளை நூலகர் வர வேண்டும். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்குப் போகும்போது பதிவேட்டைக் கேட்காமல், நூலகப் பாடவேளையில் குழந்தைகளோடு உட்கார்ந்து, தாமும் ஒரு கதையை வாசித்துக் காட்ட வேண்டும். மன்னார்குடியில் சந்தித்த ஆசிரியையைப் போன்றவர்கள் ஒன்றியத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுடைய வகுப்பறைக்கு மற்ற ஆசிரியர்கள் பணி நாளில் போய்ப் பார்க்க அனுமதி ஆணை பெற வேண்டும். ரங்கநாதனுக்குக் கிராய்டன் கிடைத்ததைப் போல நம் ஆசிரியருக்குப் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு வகுப்பறை கிடைத்தால் போதும்.

இதில் கடினமான பகுதி அந்த அனுமதி ஆணைதான். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து ஒருவர் ஒரு நாள் வெளியே போனால் வகுப்புகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்பார்கள், கேட்பதும் முறையே. மாற்று ஏற்பாடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் வட்டாரக் கல்வி அலுவலரைச் சந்திக்க வேண்டும். திங்கட்கிழமை குழு கூடும்போது முதலில் இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்துவிட்டு, முதல் கூட்டத்துக்கு எந்தக் கிளை நூலகரை அழைப்பது என்பதையும் அன்றே முடிவு செய்கிறோம்.